கத்துக்குட்டிக்குக் கீழே

அக்டோபர் 12, ஞாயிறு.

இன்றைய தவறு: கரும்பலகையில் மணல்வளைவுக்கு நேராக ‘அலை இடுப்பளவு’ என்று எழுதினேன். அது என் இடுப்பு. வந்தவர்களோ பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு நெஞ்சுக்கு மேல் வந்தது. ஒரு பெண் பிள்ளை அழுதுவிட்டாள். யாருக்கும் அடி இல்லை. யாருடைய இடுப்பு என்று யோசிக்காமல் எழுதியதுதான் தவறு என்று நினைக்கிறேன்.

நாளைய வேலை: அண்ணனிடம் அந்த மூன்று அலைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

மாலை வகுப்பு ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் தேதி, அடுத்து அன்று செய்த ஒரு தவறு, கடைசியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கான வகுப்பு அது. மற்றவர்கள் நடுவில்தான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். இதை எழுதியவளுக்கோ தவறைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கை ஓய்ந்துவிடும்; நடுவில் எழுத ஒன்றும் மிஞ்சாது.

அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ரொட்டித் துண்டைக்கூட அளந்து பார்த்துத்தான் பாதி கொடுப்பாளாம். அண்ணன் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியபோது அந்தப் புத்திக்கு ஒரு வேலை கிடைத்தது. தினமும் விடிந்ததும் கரை நெடுகப் போய்க் கடலைப் பார்ப்பாள். காற்று எந்தப் பக்கம், கடல் ஏறுகிறதா வற்றுகிறதா, அலை எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டு வந்து, யார் எங்கே இறங்கலாம் என்று கரும்பலகையில் எழுதுவாள்.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள். தலைப்புகள் அண்ணனின் கையெழுத்தில் பெயின்டால் எழுதியவை: கத்துக்குட்டி, தேறியவர், கில்லாடி. கத்துக்குட்டிக்கு மணல்வளைவு. அங்கே அடியில் மணல், அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக வரும், விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். தேறியவருக்கு முனை. நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைச் சுற்றி அலை ஒரே பக்கமாக நீளமாக உரிந்துகொண்டு போகும். கில்லாடிக்குப் பாறைத்திட்டு. அங்கே விழுந்தால் தையல்தான்.

அலையின் உயரத்தை அடியிலோ மீட்டரிலோ அங்கே யாரும் சொல்வதில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை, தலைக்கு மேல். உடம்பை வைத்துச் சொன்னால்தான் பயம் சரியான அளவில் வரும் என்பது அண்ணனின் கட்சி.

கட்டங்களுக்குக் கீழே ஆணிகள். தண்ணீரில் இறங்குகிறவன் தன் பெயர் கீறிய தகரத் தகட்டை, அன்றைக்கு இறங்கும் இடத்தின் கீழ் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். ஒரு தகடு ஆணியில் இருந்தாலும் பள்ளியைப் பூட்டக் கூடாது. பயிற்சியாளர்களுக்கு மட்டும் நிரந்தர ஆணி. அண்ணனின் தகட்டில் ‘மாஸ்டர்’ என்று இருக்கும். வருஷக்கணக்காக அது கில்லாடிக்குக் கீழே தொங்கியது.

மூன்று அலை விதியும் அவன் வைத்ததுதான். அடுத்தடுத்து மூன்று அலைகளில் ஒன்றில்கூட எழுந்து நிற்க முடியாதவன் ஒரு கட்டம் கீழே இறங்க வேண்டும். ஒருமுறை பளபளவென்று புதுச் சறுக்குப் பலகையோடு வந்த ஒரு பணக்காரர் பாறைத்திட்டுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அண்ணன் அவரை முனையில் மூன்று அலை எடுக்கச் சொன்னான். மூன்றிலும் விழுந்தார். “சார், உங்க போர்டு கில்லாடி. அதை வேணா அங்க அனுப்பறேன். நீங்க பிள்ளைங்களோட வாங்க” என்று சொல்லிவிட்டான். அவர் கோபித்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

அந்த விதிதான் இப்போது அண்ணனையே துரத்திக்கொண்டு வந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் பாறைத்திட்டில் அவன் வலது கால் ஒரு கணம் தாமதித்தது. கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகைச் சரியாகப் பூசவில்லை என்று நினைத்தான். பிறகு நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. படியில் இடறினான். நரம்பு டாக்டர் ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலில் ஆரம்பித்திருக்கிறது, கைக்கு வரும், பிறகு தொண்டைக்கு, மூச்சுக்கு. மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். போன பலம் திரும்பாது. “எவ்வளவு நாள்?” என்று அண்ணி கேட்டாள். டாக்டர் கையை விரித்தார்.

பாறைத்திட்டிலிருந்து முனைக்குத் தகட்டை அண்ணனே மாற்றிக்கொண்டான். முனையிலிருந்து மணல்வளைவுக்கு அவள் மாற்ற வேண்டியிருந்தது. இந்த ஞாயிறு மாலை, பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, மணல்வளைவில் நுரை அலையில் மூன்று முறை முயன்று பார்த்தான். அவனைத் தாங்கிக் கூட்டிப்போன அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

திங்கள் காலை அவன் சாமான் அறையில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு பலகையிலிருந்து பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கை இன்னும் வேலை செய்தது. ஆனால் சுரண்டியை விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினான்.

“அண்ணா, ஒண்ணு பேசணும்.”

“பேசு. உன் மூஞ்சியைப் பாத்தா கடல் வத்திப்போச்சுன்னு சொல்ல வந்தவ மாதிரி இருக்கு.”

“நேத்து சாயங்காலம் மூணு அலை எடுத்த.”

“எடுத்தேன்னு சொல்லாத. எடுக்கப் பாத்தேன்.”

“மூணுலயும் எழுந்திருக்கல.”

“ரெண்டாவதுல முட்டி போட்டேனே.”

“முட்டி போட்டா கணக்குல வராது. நீ வெச்ச விதி.”

“வரும்னு நான் சொன்னேனா? வராதுதான்.” மெழுகுத் தூளை ஊதிவிட்டான். “அப்ப இறக்கு.”

“எங்க இறக்குறது? கத்துக்குட்டிக்குக் கீழ மரச்சட்டம்தான் இருக்கு.”

அவன் சிரித்தான். சிரித்தால் இப்போதெல்லாம் இருமல் வந்தது. இருமல் வந்தால் சீக்கிரம் நிற்பதில்லை. நின்ற பிறகு சொன்னான்:

“கரை இவ்ளோ நீளத்துக்குக் கிடக்கு. நீ பாட்டுக்கு மூணு இடத்தையே கட்டிக்கிட்டு அழுற. நாலாவதா ஒண்ணு தேடேன். கத்துக்குட்டியை விட லேசான இடம். அங்க ஒரே ஒரு அலையில எழுந்து நின்னுட்டேன்னா என் தகடு கரும்பலகையில இருக்கட்டும். முடியலன்னா பெட்டியில போட்டுடு. ஞாயித்துக்கிழமை சொல்லிக்குடுக்கப் புதுப் பையன் வேலைக்கு வரான், அவனுக்கு ஆணி வேணும்ல.”

“புது ஆணி அடிச்சுக்கலாம்.”

“சனிக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் குளிர்கால அலை வந்துடும், இந்தக் கரை பூரா உன்னாலயே நிக்க முடியாது.” சுரண்டியைக் கீழே வைத்தான். “ஸ்கேலு. எனக்காக அளவைக் கூட்டிக் குறைச்சுடாத. தெரிஞ்சுச்சு, தண்ணியிலயே முக்கிடுவேன்.”

அந்த வாரம் முழுவதும் அவள் நாலாவது இடத்தைத் தேடினாள். பள்ளி வேனை ஓட்டுகிறவருக்குப் பிரேக் மாமா என்று பெயர், பிரேக்கை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால். காலை வகுப்புகளுக்கு ஆட்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு கரையோரச் சாலையில் போவார். ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுத்தினார்கள். அலை பூனைக்குட்டி போல வந்தது. அடியில் பஞ்சு மாதிரி மணல். கடல் வற்றும் வரை நின்று பார்ப்போம் என்று நின்றாள். வற்ற ஆரம்பித்ததும் ஆறு கடலுக்குள் பாய்ந்தது. அவள் மிதக்கவிட்ட மரத்துண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளில்லாத ஆழத்துக்குப் போய்விட்டது. கையால் துடுப்புப் போட முடியாதவனுக்கு அது ஒரு வழிப் பாதை.

“வேற பாப்போம்” என்றார் பிரேக் மாமா. “நீதான் இந்தக் கடலுக்கு ஒரு கோடு போட்டுக் குடுத்துடேன், அது பாட்டுக்கு நேரா வந்துட்டுப் போகட்டும்.”

துறைமுகத்தின் உள் பக்கத்தில் காற்றும் இல்லை, அலையும் இல்லை. ஆனால் பயணிகள் படகு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் சுவரோரமாக மூன்று நான்கு அலைகள் எழுந்து அழகாக ஓடின. மணி அடித்தது போல வந்துகொண்டிருந்தன. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அலை போய் முடிந்த இடம் சிமென்ட் சுவர். தண்ணீரில் டீசல் வானவில் மிதந்தது. காவலாளி விசில் அடித்து விரட்டிவிட்டான். அலையைத் தடுக்கக் கல் கொட்டிய பாறைத்தடுப்புக்குப் பின்னால் தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடந்தது. லேசான இடம்தான். அலையே இல்லாத அளவுக்கு லேசு.

ஒவ்வொரு இடமாகக் கழித்துக்கொண்டே வந்தபோது அவளுக்கு ஒன்று புரியத் தொடங்கியது. அதை அவள் பிரேக் மாமாவிடம் சொல்லவில்லை. ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் பலம் இருந்தால்தான் அது அலை. ஆளைத் தள்ளுகிற எதுவும் அண்ணனைக் கவிழ்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்குமா என்று தேடுவது, நனைக்காத தண்ணீரைத் தேடுவது போலிருந்தது. ஆனாலும் தேடினாள். தேடுவதை நிறுத்தினால் அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை வகுப்பில் ஆசிரியை அவளை எழுப்பி ஞாயிற்றுக்கிழமைத் தவறை வாசிக்கச் சொன்னாள். ‘அது என் இடுப்பு’ என்ற வரி வந்ததும் வகுப்பு சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், “எனக்கும் அந்தப் பிரச்சனைதான் டீச்சர், டெய்லர் கேக்க மாட்டேங்குறான்” என்றான்.

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, அப்போ அளவை யாரை வெச்சு சொல்லணும்?” என்று கேட்டாள்.

“இறங்குறவங்களை வெச்சு.”

“தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு ‘என்று நினைக்கிறேன்’? பக்கத்துக்கு நாலு தடவை நினைக்கிற நீ. தெரிஞ்சதைத் தெரியும்னு எழுது.”

அவள் உட்கார்ந்துகொண்டாள். தெரியும் என்று எழுதிப் பார்த்தாள். பார்க்கப் பொய் போலிருந்தது. அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை, பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால், யாரும் இறங்காத ஒரு சின்ன வளைவைக் கண்டாள். பாறைத்தடுப்பின் நுனியைச் சுற்றி வளைந்து வருவதற்குள் அலைக்குப் பாதி மூச்சு போய்விடும். மிச்சப் பாதி மெதுவாக, நீளமாக, ஒரே சீராகக் கரைக்கு வந்து சேரும். அடியில் கெட்டி மணல், கல் இல்லை, இழுப்பு இல்லை. மரத்துண்டை மிதக்கவிட்டாள், அது சாவகாசமாகக் கரைக்கே திரும்பி வந்தது. உடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கி நின்றாள். அலை வந்து சரியாக முழங்காலில் தட்டியது. ஏறும்போது பார்த்தாள், வற்றும்போது பார்த்தாள். வெள்ளிக்கிழமை மறுபடி வந்து பார்த்தாள். முழங்கால். முழங்கால். முழங்கால்.

“இது நடக்கும் போல இருக்கே” என்றார் பிரேக் மாமா.

“சொல்லாதீங்க மாமா. நீங்க சொன்னா ஏதாவது ஆயிடும்.”

“நான் என்னம்மா பண்ணேன், வாயைத்தானே திறந்தேன்!”

வெள்ளி மாலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அண்ணி அடுக்களை மேஜையில், கடலில் குளிராமலிருக்கப் போடும் ரப்பர் உடையை விரித்து வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்தாள். பள்ளியின் ரப்பர் உடைகள் எல்லாவற்றுக்கும் கிழிசல் ஒட்டுவது அவள் வேலை. ஆனால் இது கிழியவில்லை. அண்ணனின் உடையில் கால் பகுதியைப் பிடித்துச் சுருக்கி ஒட்டினாள். பழைய ஓரங்களிலும் பசைக் கோடுகள் தெரிந்தன. ஏற்கெனவே பல முறை பிடித்த உடை.

“ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பிடிக்கிறேன்” என்றாள் அண்ணி. “கால் இளைச்சுக்கிட்டே போகுது. தண்ணி உள்ள போனா குளிரும்ல.” தூரிகையைப் பசை டப்பாவில் துடைத்தாள். “நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?”

“இடம் நல்லா இருக்கு அண்ணி. முழங்கால் அளவுதான்.”

“நீ வேணாம்னு சொன்னா கேப்பாரு. டாக்டர் சொன்னா கேக்க மாட்டாரு, நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ கரும்பலகையில எழுதினதை மட்டும் மீற மாட்டாரு.”

“வேணாம்னு எப்படி எழுதுறது? இடம் சரியா இருக்கே.”

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒட்டிய ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்தாள். “சரி. காயட்டும்.”

சனிக்கிழமை காலை மேகம் மூடியிருந்தது. காற்று இல்லை. வேனை மணல் ஓரம் வரை கொண்டுவந்து, பிரேக் மாமா வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக நிறுத்தினார். அவரும் அவளும் கை கோர்த்து நாற்காலி போட்டு அண்ணனைத் தூக்கினார்கள். ரப்பர் உடையில் அவன் புதிதாக வந்த மாணவன் போலிருந்தான்.

“மாஸ்டர், வெயிட்டு குறைஞ்சுட்டீங்க.”

“உன் வண்டியில வந்தா யாருக்கும் பாதி உயிர் போயிடும், அந்த வெயிட்டுதான்.”

கத்துக்குட்டிகள் பயன்படுத்தும் பெரிய, மெத்தென்ற நீலப் பலகையைக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் மேல் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, பலகையின் கயிற்றைக் காலில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் தலையைத் திருப்பி வரும் அலைகளைப் பார்த்தான். முகம் தெளிந்தது. அந்த முகத்தை அவள் ஒரு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை.

“நல்ல இடம் ஸ்கேலு. இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்த?”

முதல் அலை வந்தது. அவள் தள்ளினாள். பலகை சறுக்கிக்கொண்டு போனது. அவன் வாயிலிருந்து “ஹோ” என்று ஒரு சத்தம் வந்தது. பாறைத்திட்டில் போடும் அதே சத்தம், கொஞ்சம் சன்னமாக. கைகளை ஊன்றினான். ஒரு முட்டி உள்ளே வந்தது. அடுத்தது வரவில்லை. பலகை சாய்ந்தது, அவன் பக்கவாட்டில் சரிந்தான்.

முழங்கால் ஆழத் தண்ணீர். அவன் முகம் கீழே இருக்க, கைகள் விரிந்து கிடக்க, அசையாமல் மிதந்தான்.

அவள் சிரித்தாள். கரையில் பிரேக் மாமாவும் சிரித்தார். அது அண்ணனின் பழைய வித்தை. புது மாணவர்கள் வரும் நாளில் தண்ணீரில் திடீரென்று செத்த மீன் போலக் கிடப்பான். பக்கத்தில் இருப்பவனை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பான். கவனிக்காதவனுக்கு அன்றைக்குப் பலகைகளைக் கழுவும் வேலை. எத்தனை முறை பார்த்திருக்கிறாள். “போதும் அண்ணா, எழுந்திரு” என்றாள். தண்ணீரை அவன் பக்கம் எற்றினாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. விரல்கள் மட்டும் மணலைப் பிறாண்டின.

தூக்கிப் புரட்டியபோது அவன் கண்கள் திறந்திருந்தன. இருமினான். இருமலில் சத்தமே இல்லை; யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இருமுவது போலிருந்தது. பிரேக் மாமா செருப்போடு ஓடி வந்து முதுகைத் தட்டினார். தண்ணீர் வாயிலிருந்து வழிந்தது.

“வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள்.

“ஒண்ணு… ஆச்சு.” மூச்சை இழுத்துக்கொண்டான். “இன்னும் ரெண்டு.”

“வேணாம் அண்ணா.”

“எல்லாருக்கும் மூணு. எனக்கும் மூணு.”

மறுபடி படுக்கவைத்தாள். இந்தமுறை பலகையைத் தள்ளுவதற்குள் அலை வந்துவிட்டது. அவள் முழங்காலில் தட்டிய அதே அலை, பலகையில் படுத்திருந்தவனின் முதுகின் மேல் ஏறி, கழுத்தைக் கடந்து, தலைக்கு மேல் உருண்டு போனது. ஒரு கணம் நீலப் பலகையும் இல்லை, அண்ணனும் இல்லை. நுரை மட்டும் இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். நிற்கிறவளுக்கு முழங்கால். படுத்திருப்பவனுக்குத் தலைக்கு மேல். கரும்பலகையில் இதை எழுதுவதாக இருந்தால், அண்ணனின் கணக்கில், இது பாறைத்திட்டு அலை. ஏறும்போது, வற்றும்போது, இரண்டு நாள் நின்று நின்று அவள் அளந்ததெல்லாம் தன் முழங்காலை.

இன்னும் தாழ்வான அலைக்கு எங்கே போவது? கணுக்கால் அளவு அலை பலகையை அசைக்காது. அதற்குக் கீழே தட்டில் ஊற்றிய தண்ணீர்.

மூன்றாவது அலைக்கு அவள் அவனைக் கேட்கவில்லை. அவன் இடுப்பில் உடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அலை வந்ததும் பலகையோடு கூடவே ஓடினாள். அவன் தலை தண்ணீருக்கு மேலேயே இருந்தது. பலகை கரை வரைக்கும் நேராகப் போய் மணலில் தட்டி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல சறுக்கல். பிரேக் மாமா கை தட்டினார், பிறகு எதற்குத் தட்டினோம் என்று தெரியாதவர் போல நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் கன்னத்தைப் பலகையில் வைத்துப் படுத்திருந்தான்.

“நீ பிடிச்சுக்கிட்டு வந்தா அது உன் அலை.”

அவள் அவன் உடையிலிருந்து கையை எடுத்தாள்.

“எண்ணிச் சொல்லு. எத்தனை?”

சொல்லிவிடலாம். முட்டி உள்ளே வந்ததை நின்றதாக எண்ணிக்கொள்ளலாம். பிரேக் மாமா கோர்ட்டுக்கே வந்து சாட்சி சொல்வார். ஆனால் கேட்கிறவன் பதில் தெரிந்துகொண்டு கேட்டான்.

“ஒண்ணுகூட இல்ல அண்ணா.”

“ம்” என்றான். கண்ணை மூடிக்கொண்டான். “சரியா எண்ணியிருக்க.”

வேனில் போர்வை போர்த்தியும் அவன் நடுக்கம் நிற்கவில்லை. வழியில் ஒருமுறை, “குளிருது” என்றான். வண்டி ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டுத் திரும்பியது.

வீட்டில் அண்ணி முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து ரப்பர் உடையை உரிக்கப் பார்த்தார்கள். ஈரத்தில் அது தோலோடு ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் காலை உதறி, நெளிந்து அவனே கழற்றுவான். இப்போது உதறக் கால் இல்லை. இழுத்தால் அவன் முகத்தைச் சுளித்தான். அண்ணி உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். முந்தின நாள் ஒட்டிய ஓரத்திலேயே வைத்து, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை வெட்டினாள். அடுத்த காலையும் வெட்டினாள். உரித்துப் போட்ட உடை தரையில் சொதசொதவென்று கிடந்தது.

துவட்டி, உடுத்தி, படுக்கவைத்த பிறகு ஸ்கேல் அந்த உடையை எடுத்து மடித்தாள்.

“அண்ணி, இதை ஒட்டிடலாமா?”

“எதுக்கு?” என்றாள் அண்ணி. கோபமாக இல்லை. உண்மையிலேயே எதற்கு என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. சொற்கள் நுனியில் குழைந்திருந்தன. களைப்பினால் என்று அவள் முதலில் நினைத்தாள், பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டாள். “ஸ்கேலு. அந்தப் பையன் வரதுக்கு முன்னாடி மாத்திடு. அவன் கண்ணு முன்னாடி கழட்டாத. பாவம், வேலைக்குச் சேர வரவன் பயந்துடுவான்.”

“சரி அண்ணா.”

“அழுறியா?”

“இல்ல.”

“அழு, அழு. கடல்ல தண்ணி கம்மியாத்தான் இருக்கு.”

அவள் சிரிக்க முயன்றாள். அவன் இரும ஆரம்பித்தான். அண்ணி உள்ளே ஓடினாள்.

தன் அறைக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்து தேதியைப் போட்டாள். ‘இன்றைய தவறு’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. முழங்காலை எழுதுவதா? செத்த மீன் என்று சிரித்ததையா? அண்ணி சொன்ன போதே வேண்டாம் என்று எழுதாததையா? நாலாவது இடம் இருக்கிறது என்று ஒரு வாரம் நம்பியதையா? எதை எழுதினாலும் மற்றது தவறில்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. முழங்காலைத் திருத்திக்கொள்ளலாம், அடுத்தமுறை படுத்து அளக்கலாம். அடுத்தமுறை என்று ஒன்று இல்லை. கரை முழுவதும் பார்த்தாயிற்று.

கடைசியில் ‘அளவை இறங்குகிறவரை வைத்து எடுக்கவில்லை. இது எனக்குத் தெரியும்’ என்று எழுதினாள். நினைக்கிறேன் என்று எழுதவில்லை. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

நடுவில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வரி இடம் விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்:

நாளைய வேலை: புதுப் பயிற்சியாளர் வருவதற்கு முன் ‘மாஸ்டர்’ தகட்டைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். அந்த ஆணியில் அவருடைய தகட்டை மாட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். இறங்கும் முன் மணல்வளைவில், அவர்களிலேயே குட்டையான பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி அலையை அளக்க வேண்டும்.